கட் சொல்லும் வரை

இந்த அறையின் மூலையில் இருக்கும் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். புதிதாக ஒன்று போட்டால் நின்றுவிடும். நேற்றே உங்களிடம் சொல்ல நினைத்தேன், இன்ஸ்பெக்டர் சார். எனக்குப் பேச்சு எப்போதும் அப்படித்தான், தொண்டைவரை வந்து திரும்பிப் போய்விடும். அதனால்தான் நீங்கள் ஒரு நோட்டை நீட்டி, "சரிம்மா, எழுதியே குடுத்துடுங்க" என்றபோது எனக்குப் பெரிய நிம்மதி. எழுதச் சொன்னால் நான் எதையும் மறைக்க மாட்டேன்.

இறந்துபோன பெரியவரை எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். ஒன்பதாம் வகுப்பில் எனக்கு மொழிப்பாடம் எடுத்த வாத்தியார் அவர்.

அப்போது என் புத்தகப் பையின் அடியில் ஒரு நோட்டு இருக்கும். யாரும் பிரிக்கக் கூடாது என்பதற்காக அட்டையில் 'கணக்கு' என்று எழுதி வைத்திருந்தேன். அவர் ஒருநாள் பிரித்துவிட்டார். அதில் அம்மாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவாள். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று அவள் நினைப்பு. எங்கள் வீட்டு வாளி நிரம்ப மூன்று நிமிடம் ஆகும். நிரம்பிய பிறகும் குழாய் மூடப்படவில்லை என்றால், அன்று அப்பா வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிவிட்டார் என்று அர்த்தம். இவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

"எழுந்து நின்னு படி" என்றார். படித்தேன். "கடைசி பெஞ்சுக்குக் கேக்கல. இன்னொரு தடவை" என்றார். மறுபடி படித்தேன். நான்காவது தடவை வகுப்பு சிரிக்க ஆரம்பித்தது. ஏழாவது தடவை எல்லோருக்கும் மனப்பாடமாகி, என்னோடு சேர்ந்து சொன்னார்கள். பதினொரு தடவை படித்தேன். மணி அடித்ததால் அதோடு நின்றது.

மறுநாள் மாவு மில்லில் அம்மா வரிசையில் நின்றபோது, என்னோடு படித்த ஒருத்தியின் அம்மா, "உங்க வீட்டுக் குழாய் ரிப்பேராமே, சரி பண்ணியாச்சா?" என்று கேட்டாளாம். நின்ற அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். அம்மா வீட்டுக்கு வந்து நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டாள். என்னை அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அழுது நான் கேட்டதில்லை. சாகும்வரை என் முகத்தை நேராகப் பார்த்ததும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'குழாய்' என்று பெயராகிவிட்டது. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன், பிறகு நின்றுவிட்டேன். ஏன் வரவில்லை என்று கேட்க ஒருவரும் வரவில்லை.

நான் சினிமாவுக்கு வந்தது ஜெராக்ஸ் கடை வழியாக. அங்கே தட்டச்சு வேலை பார்த்தேன். படக்காரர்கள் கதைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு தடவை, மோசமாக இருந்த ஒரு காட்சியை அடிக்கும்போதே திருத்திவிட்டேன். அதைக் கண்டுபிடித்த இயக்குநர் என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். "வாயில்லாப் பூச்சி. திட்டினா திருப்பிக் கேக்காது" என்று மற்றவர்களிடம் சொன்னார். எட்டு வருடம் கிளாப் அடித்தேன், கன்டினியூட்டி எழுதினேன். ஒரு ஷாட்டில் காலர் பட்டன் திறந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த வேலை. கண்ணும் கருத்துமாகச் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் என் நோட்டுகளை எழுதினேன்.

அதில் ஒன்றுதான் படமாகியது. மகளை வீட்டைவிட்டுத் துரத்திய அப்பா, வயதான காலத்தில் மழையில் நனைந்துகொண்டு அவள் கதவைத் தட்டுகிறார். கதவு திறப்பதில்லை. தயாரிப்பாளர், "கதையச் சொல்லும்மா" என்றபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நோட்டையே கொடுத்தேன். படித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார். "இத வேற யாரும் எடுக்க முடியாது. நீயே எடு" என்றார்.

வாத்தியார் ஓய்வுபெற்று மேடை நாடகங்களில் சின்னச் சின்ன வேடங்கள் போடுகிறார் என்று தெரியும். அந்த அப்பா வேடத்துக்கு நான்தான் கடிதம் போட்டு வரவழைத்தேன். இஸ்திரி போட்ட சட்டை, மை பூசிய மீசை. என்னை அடையாளம் தெரியவில்லை.

"டைரக்டர் மேடம், எழுபத்திரண்டு வயசுல இப்படி ஒரு அதிர்ஷ்டம் பாருங்க. என் மருமகளே இப்பதான் எனக்கு முதல் டம்ளர் காபி குடுக்குறா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நடிகர்களுக்கு உடல்நிலைப் படிவம் ஒன்று உண்டு. இரண்டு முறை மாரடைப்பு வந்ததையும், குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னதையும் எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினார். "உள்ளத எழுதுங்க சார்" என்றேன். எழுதினார். அந்தப் படிவத்தை என் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, தயாரிப்பு நிர்வாகியிடம் வேறொன்றைக் கொடுத்தேன். அதில் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று நான்தான் நிரப்பியிருந்தேன். அவர் கையெழுத்து எனக்குக் கடினமே இல்லை. எத்தனை முறை என் கட்டுரைகளின் கீழே சிவப்பு மையில் பார்த்திருக்கிறேன். நீங்கள் என் வீட்டில் கண்டெடுத்தது அவர் எழுதியது.

அப்போதும் அவரைக் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. பதினொரு தடவை. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

குளிர்காலத்தில், காலை எட்டு மணிக்கு, மழைக் காட்சி வைத்தேன். டேங்கர் லாரி வந்தது, குழாய்களைக் கூரைமேல் ஏற்றினார்கள். காட்சி இதுதான்: அவர் வாசலுக்கு நடந்து வருவார். மழை பிடிக்கும். கதவைத் தட்டி, "அம்மாடி, கதவத் திற" என்று மூன்று முறை கூப்பிடுவார். பிறகு கதவில் சாய்ந்து, சரிந்து, அப்படியே படுத்துவிடுவார். படுத்த இருபதாவது நொடியில் நான் கட் சொல்ல வேண்டும். இயக்குநர் கட் சொல்லும்வரை யாரும் அசையக் கூடாது, மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது. எந்த செட்டுக்குப் போனாலும் இதுதான் முதல் பாடம்.

முதல் டேக் முடிந்ததும் கேமராமேன் கட்டைவிரலை உயர்த்தினார். காஸ்ட்யூம் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு முறை" என்றேன்.

மாற்றுச் சட்டை கிடையாது. ஒன்றே போதும் என்று முன்பே அக்காவிடம் சொல்லியிருந்தேன். "தெருவிலேயே நனஞ்சுதான் வந்திருக்காரு. ஈரச் சட்டையோட ஆரம்பிக்கலாம்" என்றேன். காட்சியை அங்கேயே அப்படி மாற்றினேன்.

ஐந்தாவது டேக்குக்குப் பிறகு அவர் என்னிடம் வந்தார். "எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க மேடம், திருத்திக்கிறேன்."

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல சார்" என்றேன்.

வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

எட்டாவதில் அக்கா பொறுக்க முடியாமல் வந்தார். "உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு மேடம். ஒரு துண்டாவது குடுக்கட்டுமா?"

"தலை காஞ்சா ஷாட் ஒட்டாதுக்கா."

கன்டினியூட்டி விஷயத்தில் என் பேச்சை யாரும் மறுப்பதில்லை.

பதினொன்று முடிந்தது. அதோடு நிறுத்தத்தான் இருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை வழித்துக்கொண்டு, தானாகவே பேச ஆரம்பித்தார்.

"நீங்க வேல வாங்குறது எனக்குப் பிடிச்சிருக்கு மேடம். நானும் இப்படித்தான். என் வகுப்புல ஒரு பொண்ணு. வாயே திறக்காது. ஆனா அவ எழுத்து இருக்கே... அவங்கம்மா அழுறத எழுதியிருந்தா, எனக்கே தொண்டைய அடைச்சிருச்சு. இந்தக் கூச்சம் ஒழியட்டும்னு விடாம படிக்க வச்சேன். அப்புறம் அது வரவே இல்ல. வீட்டுல போயி ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன சார்?" என்று கேட்டேன்.

யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "பேரு... வர மாட்டேங்குது. பசங்க குழாய் குழாய்னு கூப்பிடுவாங்க" என்றார். அந்தப் பெயர் நினைவுக்கு வந்ததும் அவர் உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது.

"இன்னொரு முறை" என்றேன்.

பன்னிரண்டாவதில் அவர் இரண்டு தடவைதான் கூப்பிட்டார். மூன்றாவதற்குக் குரல் வரவில்லை. சரிந்தார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல்கள் கதவின் அடிப்பலகையை இரண்டு முறை பிறாண்டின. நான் எழுதியதில் அது இல்லை. இருபது நொடி ஆனது. நாற்பது ஆனது. என் உதவியாளர் பெண் பின்னாலிருந்து, "மேடம்... கட்..." என்று முணுமுணுத்தாள். நான் திரும்பாமல் ஒரு விரலை உயர்த்தினேன். கேமராமேன் என்னைப் பார்த்தார். அக்கா துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பது பேர் இருந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. மானிட்டரின் மூலையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று நிமிடம் ஆனதும் கட் என்றேன்.

துண்டோடு ஓடிய அக்காதான் முதலில் கத்தினார்.

நடந்தது இதுதான். படிவத்தை மாற்றியது நான். சட்டையைக் குறைத்தது நான். கட் சொல்லாமல் இருந்தது நான். படம் வெளியான பிறகு அவர் மகன் என்மேல் கொடுத்த புகாரில் ஒரு வரியும் தவறில்லை.

ஆனால் நீங்கள் பழி, பழி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். அது மட்டும் சரியில்லை. என் சுபாவத்தில் அது கிடையாது; யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். நான் முதல் படம் எடுத்தேன். காட்சி சரியாக வரும்வரை விடாமல் எடுப்பது ஒரு குற்றமா? நல்ல படத்துக்காக யாராவது ஒருவர் பிடிவாதமாக இருக்கத்தான் வேண்டும். பன்னிரண்டு டேக்கும் படத்துக்காக எடுத்ததுதான்.

படத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றீர்கள். பாருங்கள். கடைசிக் காட்சியில் அவர் வாசலை நோக்கி நடந்து வரும்போது சட்டையைக் கவனியுங்கள். காய்ந்திருக்கும். கையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. எடிட்டர் எது வேண்டும் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. முதல் டேக். அதைவிட நன்றாக அவர் ஒரு தடவைகூடச் செய்யவில்லை.