மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடம்

மலையில் நடக்கப் போகிறவர்கள் புது ஷூவோடு கிளம்பக் கூடாது. வாங்கியதைப் பத்துப் பதினைந்து நாள் தெருவில் போட்டு நடந்து, காலுக்குப் பழக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். இதை என் தங்கை புருஷனிடம் பலமுறை சொல்லியிருந்தேன். கிளம்பும் நாளில் வழியனுப்பச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று ஒரு ஜோடி ஷூவோடு வந்து நிற்கிறான். ஒரு காலில் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. "எப்டி மச்சான், ஹீரோ மாதிரி இருக்கனா?" என்று என்னையே கேட்டான். சொன்ன பேச்சைக் கேட்காதவனை வைத்துக்கொண்டு எதையும் திட்டமிட முடியாது, இன்ஸ்பெக்டர் மேடம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்த புகாரைப் படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். அந்த இடத்தில் மண் கெட்டியில்லை என்பது உங்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்று. நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். உங்கள் ரைட்டர் எழுதிக்கொள்ளத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் ஆரோக்கிய ஜெகன். இதே கடலூரில், முதுநகரில் சொந்த வீடு. ரோடு போடுகிற காண்ட்ராக்டர்களுக்கு சர்வே எடுத்துக் கொடுப்பது தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சகாய பிரியா என் ஒரே தங்கை. அப்பா முன்பே போய்விட்டார். அம்மா போனபோது அவள் ஆறாம் வகுப்பு. அன்றிலிருந்து அவளுக்கு என்ன தேவை என்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எந்தப் பள்ளிக்கூடம், எந்தப் படிப்பு, ஸ்கூட்டிக்கு என்ன நிறம், முடியை எவ்வளவு நீளம் விடுவது, எல்லாம் நான் பார்த்துச் செய்ததுதான். ஒருநாளும் அவள் மாற்றிப் பேசியதில்லை. எங்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை.

லேப் டெக்னீஷியன் படிக்கவைத்தேன். சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தாள். அந்த வருஷம் எங்கள் பங்குக் கோயில் தேர்த்திருவிழாவுக்கு மைக் செட் போடச் சிதம்பரத்திலிருந்து ஒருவன் வந்தான். பெயர் செந்தமிழ்செல்வன். மங்கலம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா கொளஞ்சியப்பன் இன்னும் அங்கே கரும்பு போடுகிறார். பிள்ளை மட்டும் சிதம்பரத்தில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான்.

அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' என்று சொல்வதை ஒரு பிழைப்பாக வைத்திருப்பவன். அவனுக்குத் திசை தெரியாது. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நாலு வீதிக்கும் திசையையே பெயராக வைத்திருக்கிறார்கள், அப்படியும் தெரியாது. ஜோக் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். மீதிக் கதை யாருக்கும் தெரியாது. ஆனாலும் கூட இருக்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. காலை டிபன் முதல் கடையின் பெயர்ப்பலகை வரை எதுவானாலும் "நீ இன்னா சொல்ற பிரியா?" என்று அவளைக் கேட்பான். சொந்தமாக ஒரு முடிவெடுக்கத் துப்பில்லாத ஆண்பிள்ளை. கோபம்கூட வரவில்லை எனக்கு. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும் அல்லவா.

நான் கல்யாணத்தை எதிர்க்கவில்லை. பங்குச் சாமியாரிடம் நானே போய்ப் பேசினேன். எதிர்த்தால் ஓடிப்போவார்கள். ஓடிப்போன பெண் திரும்பி வர வெட்கப்படுவாள். எனக்கு அவள் திரும்பி வர வேண்டும். அலுத்துப்போய் அவளாகவே வருவாள் என்று காத்திருந்தேன்.

அவள் அலுக்கவில்லை. கொஞ்சம் சதைபோட்டாள். சத்தமாகச் சிரிக்கப் பழகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவளைப் பார்க்கிறேன், தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறாள்.

"யாரக் கேட்டு வெட்டுன?" என்றேன்.

"யாரயும் கேக்கலண்ணா. எனக்கே தோணிச்சு."

பக்கத்தில் அவன் நின்று இளித்துக்கொண்டிருந்தான். "சூப்பரா இருக்குல்ல மச்சான்?"

எனக்கே தோணிச்சு. அது அவள் வார்த்தையே இல்லை, மேடம். அவளை வளர்த்தவன் சொல்கிறேன். ஒரு தப்பு நடந்திருக்கிறது, அது தானாகச் சரியாகப் போவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவுக்கு வந்தேன்.

மலைக்குப் போகும் யோசனை என்னுடையது இல்லை. அதை ரைட்டர் குறித்துக்கொள்ளட்டும். அவனேதான் போன் செய்தான். "மச்சான், நீங்கதான் ரோடு மலையின்னு எல்லாம் அளந்தவரு. நாலு நாள் நடந்தே சுத்திப் பாக்கற மாதிரி எங்களுக்கு ஒரு ட்ரிப் போட்டுக் குடுங்களேன். இவ ரொம்ப ஆசப்படுறா. எனக்கு மலைன்னா ஒண்ணும் தெரியாது. நம்ம ஊர்ல மலைக்கு எங்க போறது?"

போட்டுக் கொடுத்தேன். நல்ல திட்டம்தான் அது, யாரிடம் காட்டினாலும் குறை சொல்ல மாட்டார்கள். பொங்கல் கழித்து, மழை விட்டு, பனி இருக்கும்போதே நீலகிரி. முதல் நாள் அதிகம் ஏற்றமில்லாத சோலைக்காட்டுப் பாதை. இரண்டாம் நாள் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கி ஏறுவது, மதியத்துக்கு ஓடை. தங்குவதற்கு வெந்நீர் வசதியோடு சின்னச் சின்ன வீடுகள், ஏனென்றால் பிரியாவுக்குக் குளிர் ஆகாது. மூன்றாம் நாள் காலையில் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு புல்மேடு. அங்கே நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். இடத்தின் பெயரை ரைட்டரிடம் தனியாகச் சொல்கிறேன்.

பார்க்காத பாதையில் ஆளை அனுப்பக் கூடாது என்பது என் தொழிலில் பாடம். அதனால் டிசம்பரில் நான் தனியாகப் போய் மூன்று நாள் பாதையையும் நடந்து பார்த்தேன். புல்மேட்டுக்கு ஏறும் இடத்தில், ஒரு யூகலிப்டஸ் மரத்தில் கம்பி சுற்றித் தகரப் பலகை ஒன்று கட்டியிருந்தது. 'மண் சரிவு, அப்பால் போகாதீர்' என்று தோட்டத்துக்காரர்கள் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். மழை அடியில் அரித்துக்கொண்டு போயிருக்கிறது. மேலே புல் மட்டும் ஓலைக் கூரை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு நல்ல தரை, பசுமையான தரை. நான் குப்புறப் படுத்துக்கொண்டு கையிலிருந்த அளவுக் கம்பைக் குத்தினேன். வெண்ணெயில் போவது போலப் போயிற்று.

பலகையைக் கழற்றி, பக்கத்துத் தேயிலைச் செடிகளுக்கு அடியில் செருகிவைத்தேன். திருடவில்லை. போய்ப் பார்த்தால் இன்னும் அங்கேயே இருக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். மண் கெட்டியில்லை என்று எனக்கு இப்படித்தான் தெரியும்.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, ரைட்டர் எழுதுகிறார். நான் தொடர்ந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குமேல்தான் என் புகாரே இருக்கிறது.

செல்வனுக்குப் போட்டோ பைத்தியம். பிச்சாவரம் போனால் படகின் மூக்கில் நிற்பான். இங்கே கடலூர் துறைமுகத்துக்கு வந்தால் கருங்கல் கொட்டியிருக்கிற முனைக்கு ஓடுவான். எங்கே விளிம்போ அங்கே அவன், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. எடுக்கிறவள் எப்போதும் பிரியா. அவன் தினமும் மாற்றுகிற ஸ்டேட்டஸில் அவள் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. ஒரு ஆளைப் பற்றி இவ்வளவு உறுதியாகத் தெரிந்தால் போதாதா? தள்ளுவது, அடிப்பது, விஷம் என்று போகிறவர்கள் எல்லாம் எதிராளியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். இவனிடம் நான் கிட்டேகூடப் போக வேண்டியதில்லை.

அந்தந்த நாளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தேன். மூன்றாம் நாளுக்கு இப்படி: "மாப்ள, புல்மேட்டு முனைல போய் நில்லுங்க. வெயில் மூஞ்சில அடிக்கும், பின்னாடி பள்ளத்தாக்கு, போட்டோ அருமையா வரும். பிரியா, நீ இந்தப் பக்கம் பாறைகிட்டயே நின்னு எடு. உனக்குத் தல சுத்தும், முனைக்குப் போவாத." அவளுக்குத் தலை சுற்றுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொன்னால் சுற்றும்.

அவர்கள் மலையில் இருந்த நாட்களில் நான் அவளுடைய பழைய அறைக்கு வெள்ளையடித்தேன். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினேன். வருகிறவள் அழுதுகொண்டு வருவாள், தூக்கம் முக்கியம். கொஞ்ச நாளைக்கு லேப் வேலைக்கு லீவு சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். முடி வளர ஒரு வருஷம் ஆகும்.

மூன்றாம் நாள் காலை தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தோட்டத்து மேஸ்திரி. "சார், உங்க தங்கச்சி..." என்று ஆரம்பித்தார். இல்லை, என் தங்கை புருஷன், சரியாகச் சொல்லுங்கள் என்று அவரைத் திருத்தினேன். அவர் மறுபடியும் தங்கச்சி என்றார். நானும் மறுபடியும் திருத்தினேன்.

செல்வன் இருக்கிறான். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவள் போனதும் பின்னாலேயே சரிவில் இறங்கியிருக்கிறான், உருண்டிருக்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிற பெண்கள் வந்து பார்த்தபோது அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் மச்சான் கொன்னுட்டேன். நான்தான் அவள நிக்கச் சொன்னேன்" என்று அழுதான். நான் மறுக்கவில்லை. அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு அதுதான்.

மலைப்பக்கத்து ஸ்டேஷனில் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, பலகை இல்லாத இடத்தில் வேறு என்ன எழுதுவார்கள்? அவள் சாமான்களோடு அவன் போனையும் என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு வீடியோ இருக்கிறது. அதைத்தான் புகாரோடு இணைத்திருக்கிறேன். போட்டுப் பாருங்கள்.

முதலில் என் குரல் கேட்கும். வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டிருக்கிறார்கள். 'முனைல போய் நில்லுங்க' என்பது தெளிவாகவே கேட்கிறது. செல்வன் இரண்டடி முன்னால் போகிறான். போனவன் நின்று திரும்புகிறான். "பிரியா, நீ போய் நில்லு" என்கிறான். "எப்பப் பாத்தாலும் நீயேதான் என்னய எடுக்கற. வெளக்குமாறு மாதிரி இருக்கற என் மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்கே போர் அடிக்குது. குடு போன."

அவள் போனைக் கொடுக்கிறாள். படம் ஆடுகிறது.

"அண்ணன் உங்களத்தான நிக்கச் சொல்லுச்சு? எனக்குத் தல சுத்துமாம்."

"சுத்துதா?"

கொஞ்சம் யோசிக்கிறாள். கீழே எட்டிப் பார்க்கிறாள். "இல்லயே" என்கிறாள். அதிசயத்தைக் கண்ட மாதிரி சொல்கிறாள். பிறகு சிரிக்கிறாள். "சுத்தவே இல்லங்க. அண்ணனுக்கு எல்லாம் தெரியும்னு யாரு சொன்னது?" அந்தக் கட்டை முடி காற்றில் முகத்தில் விழுகிறது. ஒதுக்கிவிட்டுக்கொண்டே பின்னால் நடந்துபோகிறாள், கேமராவைப் பார்த்தபடி, கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. "ஓகேவா?" என்கிறாள். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போவட்டுமா?"

பிறகு வானம் மட்டும்தான் தெரிகிறது. போன் புல்லில் கிடக்கிறது.

இதை நான் நிறையத் தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், மேடம். என் பக்கம் எங்கே பிசகு என்று கண்டுபிடிக்கத்தான். கிடைக்கவில்லை. பாதை சரி, நேரம் சரி, வெயில் நான் சொன்ன மாதிரியே அடிக்கிறது. பலகையை எடுத்தது நான், அவன் சாகட்டும் என்று எடுத்தது நான், இதில் எதையும் நான் மறைக்கவில்லை. வேண்டுமென்றால் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பிரியா எங்கே நிற்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். பாறைக்குப் பக்கத்தில். அங்கேயே நின்றிருந்தால் இந்நேரம் முதுநகரில், அவள் அறையில், புது மின்விசிறிக்குக் கீழே தூங்கிக்கொண்டிருப்பாள்.

அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது என்று கேட்கிறாளே, அது அவள் இல்லை. அவளுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. என் பேச்சை மீறி ஒரு அடி எடுத்துவைக்கக் கற்றுக்கொடுத்தவன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பால் குடிக்கிறான். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், ஆனால் ரைட்டரிடம் சொல்லி என் தங்கையைக் கொன்றவன் என்ற இடத்தில் அவன் பெயரைப் போடச் சொல்லுங்கள்.