காய்ப்பு இல்லாத கை

விடியக்காலை அஞ்சு மணி. மலேசியாவுல கோலா கங்சார் பக்கம், மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போற செம்மண் ரோடு. ஒரு வெளக்கு கெடையாது... நம்ம கூட்டாளி தனேஷோட தங்கச்சி கலாதேவி. தனியா.

அவளுக்கு ஈப்போவுல வீடியோ கேம் செய்யுற கம்பெனியில வேலை. ஒரு கையுறை இருக்கு. அதை மாட்டிக்கிட்டு விளையாடுனா, கேம்ல எதைத் தொட்டாலும் அப்படியே கையில உணரலாம். பால் மரம் வெட்டுற, அதாவது ரப்பர் பட்டையைக் கீறிப் பால் எடுக்குற காட்சிக்கு, அதே கையுறையை மாட்டிக்கிட்டு நெஜ மரத்துலயே பதிவு எடுக்கணும். “திங்கக்கெழமைக்குள்ள கொண்டு வா. இல்லன்னா வேற வேலை பாத்துக்க லா”ன்னுட்டான் முதலாளி சிவபிரகாசம்.

பால் நல்லா எறங்குற நேரம் விடியக்காலைதான். அவ அம்மா வீரம்மா அந்தத் தோட்டத்துல மரம் வெட்டுனவங்க. கத்தியைக் குடுக்கும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. “ஒவ்வொரு நெரைக்கும் ஒரு ஆளு உண்டு. அடுத்தவங்க வரிசையில கத்தி வைக்காத.”

இருட்டுல எது யாரு நெரைன்னு எப்படித் தெரியும்? கையுறையை மாட்டுனா. பட்டையில கத்தியை வெச்சு இழுத்தா. சர்ர்ர்...

மணிக்கட்டை ஒரு கை பிடிச்சது.

சில்லுன்னு. மூச்சுச் சத்தமே இல்ல. சுருட்டு வாடை மட்டும்.

“மன்னிச்சிருங்க... உங்க நெரைன்னு தெரியாது.”

பிடி இன்னும் இறுகுச்சு. அப்பத்தான் அவளுக்கு ஒறைச்சது. அந்த உள்ளங்கை வழவழன்னு இருந்துச்சு. மரம் வெட்டுனவங்க கை அப்படி இருக்காதே! அம்மா கை கல்லு மாதிரி காய்ச்சுக் கெடக்கும். இது... வெட்ட வெச்ச கை.

பயம் போயி ஆத்திரம் வந்துச்சு. “கங்காணியா? நீ எந்த மரத்தைய்யா வெட்டுன? எடுய்யா கையை!”

பிடிச்ச பிடியோடவே கத்தியை இழுத்தா. பின்னாலருந்து இன்னொரு கை வந்து அவ கைமேல படிஞ்சது. சொரசொரன்னு. அப்புறம் இன்னொண்ணு... இன்னொண்ணு. எல்லாம் சேந்து அழுத்துச்சு. வழவழ கை விட்டுருச்சு.

சொட்... சொட்... பால்.

திங்கக்கெழமை, பட்டப்பகல். சிவபிரகாசம் கையுறையை மாட்டி அந்தப் பதிவை ஓட்டிப் பாத்தான்.

“பட்டை நல்லாருக்கு. கத்தியும் ஓகே... ஏய், யாரோ என் உள்ளங்கையைத் தடவுறாங்க. காய்ச்சிருக்கான்னு தேடுற மாதிரி...”

மொகம் வெளுத்துப்போச்சு. “இறுக்குறாங்க... எலும்பு நொறுங்குது... நிறுத்து லா!”

கலாதேவி அவசரப்படல. மெதுவா எந்திரிச்சு வந்து, கையுறையைக் கழட்டி மேசையில வெச்சா.

அவன் இன்னும் வெறுங்கையை இழுத்துக்கிட்டே இருந்தான்.