பாத்தாச்சு, பாத்தாச்சு

— இதுக்கா மூணு பஸ் மாறி வந்தோம்? இந்த ஜீப் குலுக்குற குலுக்கல்ல இடுப்பு கழண்டு கைக்கு வந்துடும் போல.

— வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டுங்கன்னு கேட்டேனா இல்லையா? ஊரான் வீட்டுப் பிள்ளைங்களுக்கெல்லாம் பஸ் ஓட்டுவீங்க, பொண்டாட்டிக்கு ஒரு கார் ஓட்ட மாட்டீங்க.

— ஸ்கூலுக்கு லீவு விட்டும் நான்தான் ஸ்டியரிங்கப் பிடிக்கணுமா? அட, விடும்மா.

— சார், அக்கா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நீங்க போடுற சத்தத்துல காட்டுல ஒரு எறும்புகூட மிஞ்சாது. நேத்து இதே வளைவுல யானை குட்டியோட நின்னுச்சு.

— ஜீப்ல ஏறினதுலேருந்து நேத்துக் கதையாவே சொல்றீங்களே தம்பி. நேத்தைக்கு டிக்கெட் தனியா?

— மிருகம் என்ன மாமன் மச்சானா சார், கூப்பிட்டதும் வர? இதோ, வலது பக்கம், மூங்கில் ஓரமா. மான் கூட்டம்.

— அம்மாடி, எத்தனை. ஏங்க, பாத்தீங்களா?

— பாத்தாச்சு, பாத்தாச்சு.

— அதுல ஒண்ணுக்குக் கொம்பு உடைஞ்சிருக்கே, அது?

— அதான் பாத்தாச்சுங்கிறேன்ல. கொம்புன்னு இருந்தா உடையத்தான் செய்யும்.

— நீங்க இடது பக்கமில்ல பாத்துட்டு இருக்கீங்க?

— கழுத்து வலிக்குது. திருப்பிக்கிட்டேன். அதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?

— போன மாசம் ஸ்கூல் கேட் தூண்ல பஸ்ஸக் கொண்டுபோய்த் தேச்சீங்களே, அன்னைக்கும் கழுத்து வலியா?

— தூண் குறுக்க வந்துச்சு.

— தூண் எங்கங்க வரும்? கண் டாக்டரப் பாக்கலாம்னு சொன்னேனா இல்லையா?

— என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்ல. சோத்துல முடி கிடந்தா யாரு முதல்ல பாக்குறது?

— சோத்துல முடி மட்டும் நல்லாத் தெரியும். நாளைக்கு ஸ்கூல் திறக்குறாங்க. பஸ் நெறையப் பிள்ளைங்க ஏறும், ஞாபகம் இருக்கா?

— நீதானே காட்டப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்ன? பாரேன். என்னை ஏன் பாக்குற?

— தம்பி, அந்த மொட்டை மரத்துக்கிட்ட கொஞ்சம் நிறுத்துங்க.

— அங்க என்னக்கா இருக்கு?

— நிறுத்துங்களேன். ஏங்க, அந்த உச்சிக் கிளையில பாருங்க. எவ்வளவு பெரிய பறவை. மூக்கு மஞ்சளா, வளைஞ்சு.

— ம், பாத்தாச்சு.

— எங்கக்கா? எனக்கு ஒண்ணும்…

— நீங்க சும்மா இருங்க தம்பி. ஏங்க, றெக்கைய விரிக்குது பாருங்க.

— ஆமா. அழகா விரிக்குது. உனக்குப் பிடிச்சிருக்குல்ல? சரி, போலாம்.

— அக்கா, ஏன் அழுவுறீங்க?

— அந்த மரத்துல ஒண்ணுமே இல்லைங்க. ஒரு இலைகூட இல்ல.

— தம்பி, கொஞ்ச நேரம் கீழ இறங்கி நிக்கிறீங்களா?

— காட்டுக்குள்ள இறங்கக் கூடாது சார். நான் வேணா காதைப் பொத்திக்கிறேன்.

— என்னைச் சோதிக்கத்தான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தியா?

— வேற என்ன பண்ணட்டும்? வீட்ல கேட்டா எரிஞ்சு விழுறீங்க. கார் ஓட்டுங்கன்னு கேட்டுப் பாத்தேன், நழுவிட்டீங்க. டாக்டர்னாலே செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிடுறீங்க. எனக்குப் பயமா இருக்குங்க. தூக்கமே வரல. கடைசி ஸ்டாப்புல ஏறுமே ஒரு வாண்டு, புத்தகப் பைக்குள்ளயே அடங்கிடும்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாம எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உயிரோட இருக்குறது? ஸ்கூல்ல நானே போய்ச் சொல்லிடலாம்னு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். பஸ் சாவியக் குடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்.

— சட்டைப் பையில கைய விடாத. அங்க இல்ல.

— எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?

— லீவு விட்ட அன்னைக்கே ஆபீஸ்ல குடுத்துட்டேன். இனிமே ஓட்டலன்னும் சொல்லிட்டேன். தூண்ல தேச்சேன்ல, அந்தத் தூணுக்குப் பக்கத்துல அந்த வாண்டுதான் நின்னுட்டு இருந்துச்சு. அது கத்தின பிறகுதான் அங்க ஒரு பிள்ளை நிக்கிறதே எனக்குத் தெரிஞ்சுது.

— இத்தனை நாளா என்கிட்ட ஏங்க சொல்லல?

— சொல்ல வந்தேன். அன்னைக்குப் பாத்து, காடு பாக்கப் போலாம்னு நீ கேட்ட. இத்தனை வருஷத்துல நீ வாயத் திறந்து ஒரு இடத்துக்குப் போலாம்னு கேட்டது இதுதான். கண்ணு தெரியலன்னா நீ கிளம்பியிருப்பியா? அதான், நீ காட்டினதையெல்லாம் பாத்துட்டு வரேன்.