காரை வீட்டில் விட்டு வந்தவர்

"வீட்டுல கார நிப்பாட்டி வச்சிட்டு யாராவது எல்கடுவைக்கு பஸ்ஸுல போவாங்களா நானா?"

மாத்தளையில் பஸ் புறப்படும்போதே எனக்கு முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் முப்பது வயதுக்காரர். அவர் 'நானா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்ட, பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த நரைத்த தலைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உம்மா மௌத்தாகி நாப்பதாம் நாள் கத்தம் ஓதுறோம், சாச்சிக்குச் சொல்லப் போறேன். தன்ட தங்கச்சியப் பார்க்க உம்மா எப்பவும் இந்த பஸ்ஸுலதான் போவாங்க. இப்ப எனக்கு மட்டும் கார்ல போக மனசு வரல்ல."

"நீங்க ஒரு நாளாவது கூட்டிட்டுப் போகல்லியா?"

"ரோட்டெல்லாம் கல்லு, கார் அடியில உரசிடும்னு சொல்லிட்டேன். வாப்பா வாங்கின நாள்ல இருந்து நான்தான் அதத் தொடைக்கிறேன். மழை பெஞ்சா வெளிய எடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவேன், அவ்வளவுதான்."

பஸ் ஏற்றத்தில் முனகியது. வளைவொன்றில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தோம்.

"வாப்பா அத யாருகிட்ட வாங்கினாங்க?"

"ஒரு தோட்டத்துத் தொரைகிட்ட. அவரு சீமைக்குப் போகக்குள்ள வித்துட்டுப் போனாரு."

"எந்தப் பக்கத்துத் தோட்டம்?"

அவர் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்கடுவ."

மற்றவர் சிரித்துவிட்டார். "அப்ப அந்தக் கார் இந்த ரோட்டுலதானே நானா ஓடித் திரிஞ்சிருக்கு!"

"உம்மாவும் அதத்தான் சொன்னாங்க. ஒரே ஒரு தரம். நான் கோவிச்சுக்கிட்டேன். அதுக்குப் பொறகு, பஸ் எத்தன மணிக்குன்னு மட்டுந்தான் கேப்பாங்க."