மிஸ் கலக்கிய சாமான்

சாப்பாட்டில் குறை சொல்கிறவன் அல்ல நான். சோறும் மீன்கறியும் இருந்தால் போதும். அதை வீட்டுக்குள் இருந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

சண்டைக் காலத்தில் நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக் காவல்காரன். அங்கே படிப்பித்த வசந்தாதேவி மிஸ், நாவற்குடா ஊர்ப் பிள்ளை, தங்கம் பூசிய கண்ணாடித் துண்டுகளை ஒரு கலவையில் ஊறப் போடுவா. அது அழுகின வெங்காயம் போல நாறும். நாற்றம் என் சட்டையில் ஏறிவிட்டது. பெண்சாதி ஆச்சிப்பிள்ளை சோற்றுக் கோப்பையை வாசலில் வைத்தாள். முற்றத்து நாய்கூட எழும்பிப் போனது.

மிஸ்ஸிடம் சொன்னேன். சிரித்தா.

"இஞ்ச பாருங்க ஐயா. ரெண்டு சாமான் கலந்திருக்கன். ஒண்டு தண்ணிய விரும்பும், மத்தது விரும்பாது. தங்கத்தைக் கண்டா ரெண்டும் தானாப் போய் ஒட்டும்."

"புட்டும் தேங்காப்பூவும் போலயா?"

"அது ஒண்டுக்கு மேல ஒண்டு. இது ஒரே பூச்சு. பக்கத்தில பக்கத்தில கலந்து நிக்கும்."

"அப்ப நம்மட சனத்தை விடப் பரவாயில்ல."

கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டினா. தண்ணீரை விரும்பாத சாமான் கூடினால் சொட்டு உருளும், விரும்புகிறது கூடினால் பரவும். அதன் வேலை அவ்வளவுதான். எனக்கு நன்றாக விளங்கியது.

"மணம்?"

"குளிச்சாப் போயிரும் ஐயா."

போகவில்லை.

அந்தக் கலவையில் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு சந்தி ஆமி முகாமுக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. அங்கே பொறுப்பாயிருந்த பெரியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, தமிழ் தெரிந்த ஒருவனைக் கொண்டு கேட்டார், இது வெடிக்குமா என்று. படிக்காதவன் நான், எனக்கென்ன தெரியும் என்றேன். அன்று பின்னேரமே மிஸ்ஸைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் மிஸ்ஸின் தாய் இலட்சுமிப்பிள்ளை என் காலில் விழுந்தா. "அண்ணன், நீங்க கண்ணால பார்த்தனீங்கதானே. இது தண்ணிச் சொட்டு விளையாட்டு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, விட்டிருவாங்க."

கூடப் போனேன். நல்ல வெயில். என் குடையை அந்த மனிசிக்குக் கொடுத்தேன், இரக்கம் வேண்டும்தானே. பெரியவர் திரும்பவும் அதையே கேட்டார். உள்ளே எங்கேயோ மிஸ் இருமுவது கேட்டது.

வெடிக்காது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பிறகேன் கொண்டுவந்தாய் என்பார்கள். அதோடு, அவவை விட்டால் நாளைக்கும் கலக்குவா.

முதல் சொன்னதையே சொன்னேன். அதன் பிறகு மிஸ்ஸை ஒருவரும் காணவில்லை.

ஏன் பொய் சொன்னாய் என்று நீங்களும் கேட்கிறீர்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன் என்பது ஊருக்கே தெரியும். இதில் எது பொய்?