நடுவில் ஒரு கட்டமும் இல்லை

யுத்தம் முடிந்த அடுத்த வருடம். புளியந்தீவிலிருந்து பெரியகல்லாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு ஆசிரியைகள்.

“கம்பியூட்டர் என்ட தம்பி உயிரோட இருக்கானா, செத்துட்டானா எண்டு கேக்குது அக்கா,” என்றாள் இளையவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உளவளத்துணை செய்பவள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளைப் பழகும் பயிற்சி முடிந்து வந்துகொண்டிருந்தாள்.

“விசர்க் கதை கதைக்காதகா. கம்பியூட்டர் அப்பிடிக் கேக்குமா?”

“குடும்ப மரம் கீறுற பக்கம் ஒண்டு இருக்கு, காசில்ல. வீட்டாக்கள்ற பேரப் போடக்குள்ள புள்ளையள் மனம் விட்டுக் கதைப்பாங்களாம். முதல்ல நாங்க எங்கட குடும்பத்தப் போட்டுப் பழகோணும்.”

“அம்மாவப் போட்டயா?”

“ஓம். சுனாமியில போனவ, நாங்கதானே அடக்கம் செஞ்ச. அது லேசு. தம்பியப் புடிச்சுக் கொண்டுபோனதுக்குப் பிறகு ஒரு தகவலுமில்லையே, அவனுக்கு எந்தக் கட்டத்த அமத்துற? ரெண்டுக்கும் நடுவில ஒரு கட்டமும் இல்ல.”

“உயிரோட எண்டு அமத்தியிருக்கலாமே.”

“அமத்தினன். உடனே, வாற மாசம் அவன்ட பிறந்தநாள், வாழ்த்து அனுப்பு எண்டு சொல்லுது.”

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியது. வாவி வெயிலில் எரிந்துகொண்டு கிடந்தது.

“நாளைக்கு எட்டாம் வகுப்புக்கு இதக் காட்டோணும் அக்கா. பாதிப் புள்ளையள்ற தகப்பன்மாரக் காணல்ல.”

“கரண்ட் இல்லையெண்டு சொல்லிட்டு, கடதாசியில கீறச் சொல்லன்.”

“கடதாசி ஒண்டும் கேக்காதுதான். புள்ளையள் என்னட்டக் கேப்பாங்களே, டீச்சர், அப்பாவுக்கு என்னெண்டு எழுதுற எண்டு.”