கேமராக் கூச்சம்

கேமரா வாங்குவதாக இருந்தால் சின்னதாக வாங்குங்கள், மேடம். பெரியது வாங்கியவர்கள் எல்லோரும் அதை அலமாரியில்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை தூசி தட்டி எடுப்பார்கள்; தோள் வலிக்கிறது என்று மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள். என்னுடையது மிரர்லெஸ். கைக்கு அடக்கமானது. கோட்டுப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. உங்கள் மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறதே, பாருங்கள், பக்கத்தில் இருக்கும் டீ டம்ளர் அளவுக்குத்தான் இடம் அடைத்திருக்கிறது. டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது. டீ சிந்தினால் லென்ஸ் வீணாகிவிடும்.

சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன். என் மைத்துனன் தவறி விழுந்தான் என்று முதலில் உங்கள் ஆட்களிடம் சொன்னது நான்தான். அதை இப்போது திருத்திக்கொள்ள வேண்டும். அதற்குக் கேமராவிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, வந்தவரின் மூக்கில் மாட்டி, காதுக்குப் பின்னால் வளைவு சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பது என் வேலை. மாட்டிய உடனே எல்லோரும் நிலைக்கண்ணாடியைப் பார்த்து ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள். கன்னத்தை உள்ளே இழுப்பார்கள், புருவத்தை ஏற்றுவார்கள். அந்த முகத்தோடு தெருவில் பத்தடி போனால் மூச்சு முட்டிவிடும், ஆனாலும் விடமாட்டார்கள். பொய் முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துப்போனது. முகத்தைத் தயார் செய்துகொள்வதற்கு முன்னாலேயே ஆளைப் பிடித்துவிட வேண்டும், அதுதான் என் ஆசை. அதனால் கேமராவில் சத்தத்தை நிறுத்தினேன். சின்ன விளக்கு எரியும், அதையும் அணைத்தேன். பின்பக்கத் திரையையும் இருட்டாக்கி வைத்தேன். அது படம் எடுக்கிறதா சும்மா கிடக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. எடுத்த கையோடு திரையைப் பார்ப்பது கத்துக்குட்டிகள் செய்கிற வேலை. நான் சாயங்காலம் சாப்பாடு முடிந்த பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பேன். இந்தப் பழக்கம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. அதற்காக அதைக் கெட்ட பழக்கம் என்று சொல்லிவிட முடியாது.

தெருவில் பழக்காரியை எடுத்திருக்கிறேன், பஸ் கண்டக்டரை எடுத்திருக்கிறேன், என் கடை முதலாளி கொட்டாவி விடுவதை எடுத்திருக்கிறேன். பிடிபடாதவள் ஒருத்திதான், என் மனைவி. அவளுக்குக் கேமரா என்றால் கூச்சம். அடுப்படியில் நிற்பாள், துணி உலர்த்துவாள், ஜன்னலோரம் நகம் வெட்டிக்கொண்டிருப்பாள். வெளிச்சம் அருமையாக விழும். நான் கையைத் தூக்கியதுதான் தாமதம், அவள் முழங்கை முகத்துக்குக் குறுக்கே வந்து நிற்கும். கல்யாணமான வருஷங்கள் முழுக்க அவள் முழங்கையைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன்.

"ஏன்டி, கேமரா என்ன கடிச்சா வைக்கும்?" என்று கேட்பேன்.

"இல்லைங்க. பழகிப்போச்சு" என்பாள்.

சில நாட்களில் முழங்கையையும் தாண்டி அவள் கன்னம் ஒரு பக்கமாக உப்பியிருப்பது தெரியும். அப்படிப்பட்ட படங்களை நான் அழித்துவிடுவேன். ஒரு பெண் பார்க்க நன்றாக இல்லாத நேரத்தில் எடுத்த படத்தை வைத்துக்கொள்வது நாகரிகமில்லை. ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். அவற்றைத்தான் நீங்கள் தனியாக எடுத்து அடுக்கி வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

அவளுடைய தம்பிக்கு ஒரு பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. தலைமுடி சுருள் சுருளாக இருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் அவன் சுருட்டை. அக்காவைத் தவிர அவனுக்கும் யாரும் இல்லை, அவனைத் தவிர அவளுக்கும் யாரும் இல்லை. மூன்று பேருமாக மலைக்குப் போய் வரலாம் என்று அவன்தான் கிளப்பினான். விடுதியில் எங்களுக்கு ஒரு அறை, அவனுக்குப் பக்கத்து அறை. போய் இறங்கிய மத்தியானமே கேமராவுக்கு அடி போட்டான்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாள் குடுங்க. கண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

கொடுத்தேன். நான் கஞ்சன் இல்லை. வாங்கிய வேகத்தில் கட்டைவிரலை லென்ஸ்மேல் பதித்தான். பேக்கரிக்காரன் விரல், கழுவினாலும் வெண்ணெய்ப் பிசுக்குப் போகாது.

அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தோட்டத்தில் அவள் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் ஏதோ கோணங்கித்தனம் செய்தான். பேக்கரி முதலாளி நடப்பதுபோல் நடந்து காட்டினான் என்று நினைக்கிறேன். பேச்சோடு பேச்சாகக் கேமராவைத் தூக்கினான். அப்புறம் மொட்டைமாடிக்குப் போய் மேகத்தை எடுத்தான். கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது வாயெல்லாம் பல்.

"அதுவா எடுத்துக்கிட்டே இருந்துச்சு மாமா! மேகம் ஓடறது அப்படியே சினிமா மாதிரி இருக்கு."

குறிப்பிட்ட இடைவெளியில் தானாகவே படம் எடுக்கிற வசதி அதில் உண்டு. நானும் அதைப் பயன்படுத்துவேன். எங்கேயாவது வைத்துவிட்டால் ஆட்கள் அதை மறந்துவிடுவார்கள், முகம் இயல்பாக வரும். பத்துப் படத்தோடு நின்றுவிடும்படி நான் வைத்திருப்பேன். அதை அவன் நோண்டியிருப்பான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய படங்களைப் பார்த்தேன். அதில் அவள் இருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் பாதி தின்ற பிஸ்கட். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் முகம் இருந்தது. உள்வரிசையில் அவளுக்கு ஒரு பல் கோணல். அது எனக்குத் தெரியாது, மேடம். இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியாது. படம் சரியாகக்கூட அமையவில்லை. லென்ஸில் அவன் பிசுக்கு, வெளிச்சமெல்லாம் கலங்கியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நல்ல பொறாமைதான்.

எனக்கும் அப்படிச் சிரித்துக் காட்டச் சொன்னேன். சிரித்தாள், வரவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் வரவில்லை. ஒரு காரியத்தைக் கேட்டால் பாதி மனதோடு செய்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மறுநாள் காலை அவளுக்குத் தலைவலி, அறையிலேயே இருந்துகொள்வதாகச் சொன்னாள்.

அதனால் மலைமுனைக்கு நானும் அவனும் மட்டும்தான் போனோம். அங்கே பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்கு ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். சுற்றிலும் இடுப்பளவு கல்சுவர். ஒரு மூலையில் மட்டும் இடிந்து முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. காலைவேளை, ஈ காக்கை இல்லை. வழி நெடுக அவன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். அவன் சுபாவம் அது இல்லை.

"மாமா, நேத்து மேகம் சரியா வந்திருக்கான்னு பாக்கறப்போ பழைய படமெல்லாம் பாத்துட்டேன்."

"பாரு. அதுக்கென்ன இப்போ?"

"எல்லாத்துலயும் அக்கா ஏன் கையத் தூக்கிட்டே நிக்கிறா?"

"உங்கக்காவுக்குக் கேமரான்னா கூச்சம்டா."

"நான் எடுத்தப்போ கூச்சப்படலையே."

நான் பையிலிருந்து கேமரா முக்காலியை எடுத்துக்கொண்டிருந்தேன். பயணத்துக்கென்று வாங்கியது, மடித்தால் முழ நீளம்தான் இருக்கும்.

"காலையில அக்கா கதவத் தட்டினேன். தொறக்கல. உள்ளேருந்தே பேசினா. அந்தக் குரல் எனக்குத் தெரியும் மாமா, சின்ன வயசுல எங்கப்பா குடிச்சிட்டு வர்ற அன்னிக்கு அப்படித்தான் பேசுவா. மத்தியான பஸ்ல நான் அவளைக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வர வேணாம்."

அவன் கத்தவில்லை. கையை ஓங்கவில்லை. மாமா என்ற மரியாதையையும் விடவில்லை. ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டான். அவள் போய்விட்டால் நான் வீட்டில் யாரை எடுப்பேன்? அடுப்படி ஜன்னலில் அந்த வெளிச்சம் தினமும் வரும். நிற்க ஆள் இருக்காது. எனக்கு அதுதான் தெரிந்தது.

"சரி. போறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்துக்கலாம். அந்த மூலையில நில்லு, பின்னாடி பள்ளத்தாக்கு நல்லா விழும்" என்றேன்.

"இந்த நேரத்துல படமா? உங்களுக்கு என்ன ஆச்சு மாமா?"

சொன்னானே தவிர, நின்றான். நல்ல பிள்ளை. காற்று அடித்ததால் முக்காலியில் மாட்டவில்லை. கைக்குட்டையை மடித்து எதிர்ச்சுவர்மேல் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்தேன். தானாக எடுக்கிற வசதியை முடுக்கிவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். எனக்குப் பத்துப் படம் தேவைப்பட்டது. இடிந்த சுவரை ஒட்டி அவன் எவ்வளவு அஜாக்கிரதையாக நின்றான் என்று பிறகு யாராவது கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா? ஆமாம், அப்போதே யோசித்ததுதான். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற ஆள் நானில்லை. பத்தும் முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகும் கொஞ்சம் பொறுத்தேன்.

அவன் விடுதியின் பக்கம் திரும்பி, அக்காவின் ஜன்னல் தெரிகிறதா என்று பார்த்தான். முக்காலியால் பிடரியில் அடித்தேன். எடை குறைவானது என்று சொல்லித்தான் அதை விற்றார்கள், அந்த எடைக்குறைவு இங்கே உதவவில்லை. அவன் விழவில்லை. உட்கார்ந்தான். தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டான். "அக்காவ விட்டுடுங்க மாமா" என்றான். தன்னை விடச் சொல்லவில்லை. அது எனக்கு எரிச்சலாக இருந்தது. நெற்றியில் அடித்தேன், கையைக் குறுக்கே வைத்தான், கைமேல் அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் சுள்ளி ஒடிவது மாதிரிதான் இருக்கும். கை கீழே விழுந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது. கடைசியில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம் விட்டேன். கீழே பாறை. அவன் கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முக்காலியைத் துடைத்து மடித்தேன். கேமராவை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். திரையைப் பார்க்கவில்லை. பழக்கம்தான் தெரியுமே.

விடுதிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன், ஆட்கள் வந்தார்கள், உங்கள் கான்ஸ்டபிள் வந்தார். மூச்சு வாங்க எல்லாம் சொல்லி, கேமராவை நானாகவே அவர் கையில் கொடுத்தேன். "எப்படி நின்னான்னு நீங்களே பாருங்க சார்" என்றேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். பத்தைத் தாண்டியும் தள்ளினார். அப்போதுதான் விஷயம் எனக்கு உறைத்தது. மேகத்துக்காகச் சுருட்டை அதை நிறுத்தாமல் எடுக்கும்படி மாற்றி வைத்திருக்கிறான். கேட்டுவிட்டு மாற்றியிருக்கலாம். அடுத்தவர் பொருளை வாங்கினால் வாங்கியபடியே திருப்பிக் கொடுப்பதுதான் முறை.

நீங்கள் அச்செடுத்து வைத்திருக்கும் படங்களைப் பார்த்தேன். தரம் நன்றாகவே இருக்கிறது. அந்தக் கேமரா மனிதர்களின் கண்ணைத் தேடித் தேடிப் பிடிக்கும். ஆள் எப்படி நெளிந்தாலும் விடாது. என் முகமும் விழுந்திருக்கிறது. நான் கோபமாக இருந்தேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடையில் லென்ஸ் தேய்க்கும்போது இருக்கிற முகம்தான் அது. இன்னொன்றும் கவனித்தேன். நடுவில் ஒரு படத்தில் அவன் முழங்கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கியிருக்கிறான். அப்படியே அவன் அக்கா. குடும்ப வாகு போலிருக்கிறது.

அவளை அடிப்பேனா என்று கேட்டீர்கள். கை நீட்டாத புருஷன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் கேமரா பிடித்த கையால் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. வலது மணிக்கட்டில் எப்போதும் அதன் வார் மாட்டியிருக்கும். கேமராவின் உடம்பு உலோகம், எங்கேயாவது பட்டால் அவளுக்கும் காயம், அதற்கும் காயம். எப்போதும் இடது கைதான். இடது கையில் எனக்குப் பலமும் குறைவு. அந்த அளவுக்கு யோசித்து நடந்துகொள்பவன் நான்.

இன்று காலை அவளை இங்கே கூட்டி வந்திருந்தீர்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. தம்பி போன துக்கம் அவளுக்கு இருக்கும், ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தேன். குரல் கேட்காது என்றார்கள். வலது கையை விலங்கோடு மேஜையில் மாட்டியிருந்ததால் இடது கையைத் தூக்கி, நான் இருக்கிறேன் என்பதுபோல் அசைத்தேன்.

அவள் முழங்கை முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. நீங்களும் பார்த்தீர்கள், மேடம். நடுவில் அவ்வளவு பெரிய கண்ணாடி இருக்கிறது. கேமரா உங்கள் மேஜைமேல் இருக்கிறது. என் கையில் ஒன்றுமே இல்லை. அப்படியும் மறைத்துக்கொள்கிறாள் என்றால், அவளுக்கு எவ்வளவு கூச்சம் பாருங்கள்.